மனைவிக்குக் கீமோ, முடி கொட்டப்போகிறது: நானும் மொட்டை போடலாமா?

கேள்வி: 2024 மார்ச் 3, காலை

மனைவிக்கு மார்பில் கேன்சர். இந்த மாதம் 14ஆம் திகதி முதல் கீமோ. முடி கட்டாயம் கொட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு இடுப்பைத் தொடுகிற முடி. வெளிநாட்டு வீடியோக்களில் புருஷன்மாரும் கூடவே மொட்டை போடுகிறார்கள். நானும் போட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் நிற்கலாம் என்று நினைக்கிறேன், சொல்லாமல். அவளுக்குத் தைரியமாக இருக்கும்தானே? நாங்கள் இலங்கையில் நாவலப்பிட்டிப் பக்கம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

2024 மார்ச் 3, இரவு

போடாதீர்கள் தம்பி. நான் போட்டவன்.

2024 மார்ச் 4

நேற்று ராத்திரி வேலைக்குப் போகிற அவசரம், ஒரு வரியோடு விட்டுவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் மனைவி இருபது வருடமாகக் கொழுந்து எடுத்தவள், நான் தேயிலை ஃபெக்டரியில். அவளுக்கும் மார்பில்தான். 2022 ஜூன் 23ஆம் திகதி முதல் கீமோ. பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற நேரம். கிடைத்த வண்டியில் ஹட்டன் வரை வந்து, ரயில் பிடித்து, கண்டிக்குப் போய்த் திரும்ப ஒன்றரை நாள் ஆகிவிட்டது. வந்ததும் வராததுமாக நான் டவுனுக்கு இறங்கி சலூனில் உட்கார்ந்து சுத்தமாக வழித்துக்கொண்டேன். நானும் உங்களைப் போல வீடியோ பார்த்தவன்தான்.

திரும்பித் தோட்டத்து ரோட்டில் ஏறும்போது முதலில் எதிர்ப்பட்டவர் கங்காணி. என் தலையைப் பார்த்ததும் நின்று, குரலைத் தாழ்த்தி, "யாரு தவறுனது?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் பக்கத்தில் ஆம்பிளை திடீரென்று மொட்டையோடு வந்தால் ஒன்று நேர்த்திக்கடன், இல்லாவிட்டால் கொள்ளி வைத்தவன். என் தலையில் சந்தனம் இல்லை. மனிதர் வேறென்ன நினைப்பார்?

நான் லயத்துக்கு, எங்கள் வரிசை வீட்டுக்கு, வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அம்மா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து அழுகிறார். "நான் உசுரோடதானே இருக்கேன், யாருக்குடா போட்ட?" அவள் காம்பிரா அறையின் வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். இடுப்பு வரை பின்னல் அப்படியே இருக்கிறது. "எனக்கு இன்னும் ஒரு முடி விழல. அதுக்குள்ள கருமாதிக்கு ரெடியாயிட்டீங்களா?"

அப்புறம் இரண்டு நாள் பேச்சில்லை. கீமோ ஏற்றி வாந்தியும் மயக்கமுமாக இருந்தவளுக்கு நான் கொடுத்த தைரியம் இதுதான்.

2024 மார்ச் 6

"அப்படியானால் நான் என்னதான் செய்வது" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அவரிடம் கேளுங்கள். சொல்லாமல் செய்து ஆச்சரியப்படுத்துகிற வேலையே வேண்டாம். அவருக்கு இப்போது வருகிற ஆச்சரியமெல்லாம் கெட்டதாகத்தான் இருக்கும், வீட்டிலிருந்து இன்னொன்று எதற்கு?

நாள் கணக்கைத் தெரிந்து வையுங்கள். முதல் மருந்து ஏறிய அன்றைக்கே கொட்டாது. பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில். இவளுக்குச் சரியாகப் பதினாறாம் நாள், ஜூலை 9. கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்துவிட்டது என்று பக்கத்துக் காம்பிராவில் ரேடியோ அலறுகிறது. இங்கே இவள் தலையணை உறையை உதறிக்கொண்டு நிற்கிறாள்.

கொட்டுவதற்கு மூன்று நாள் முன்னால் இருந்தே தலைத்தோல் வலித்தது. முடியை யாரோ பிடித்து இழுத்து வைத்திருக்கிற மாதிரி என்றாள். தலையணை பட்டாலும் எரிச்சல். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நானோ தலைவலி என்று பனடோல் கொடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டில் அப்படிச் சொன்னால் நாள் நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே முதலில் போனது தெரியுமா? கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் கிடக்கிற இடத்தில். உச்சிக்குச் சற்று முன்னால் இருபது வருடம் கயிறு அழுத்தி, அங்கே ஏற்கனவே ஒரு விரல் அகலத்துக்குத் தடம் விழுந்து முடி மெலிந்துதான் இருந்தது. கொழுந்து எடுக்கிற பெண்கள் பலருக்கும் அது உண்டு, தலையில் போடுகிற கொங்காணிக்குள் மறைந்துவிடும். அதைத் தடவிப் பார்த்துச் சொன்னாள்: "கயிறு தின்னது போக மிச்சத்தை மருந்து திங்குது." சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

2024 மார்ச் 6, பின்னேரம்

ஒன்று விட்டுவிட்டேன். சவரக்கத்தி, பிளேடு எதுவும் வேண்டாம். கீமோ ஏறி ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைக்கும் வெள்ளை அணுக்கள் வெகுவாக இறங்கி இருக்கும். சின்னக் கீறல் வழியாகவும் கிருமி போகலாம். வார்டில் நர்ஸ் மிஸ் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டுங்கள், அப்புறம் ட்ரிமர்.

நாங்கள் ட்ரிமரை ஃபெக்டரிப் பையன் ஒருவனிடம் இரவல் வாங்கினோம். அவள் தங்கச்சி பின்னலை அப்படியே கட்டி வெட்டிக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள், பார்க்க முடியாமல். மிச்ச வேலை எனக்கு. வலது பக்கம் முடித்து இடது பக்கம் திருப்பும்போது ட்ரிமர் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. சார்ஜ் இல்லை. போட்டு எடுக்கலாம் என்றால் கரண்ட் கட். அந்த மாதம் தினமும் மணிக்கணக்கில் வெட்டினார்களே, அந்த நேரம். பாதித் தலை மொட்டை, பாதித் தலை கொத்துக்கொத்தாய். அவள் போன் டோர்ச்சைக் கன்னத்துக்குக் கீழே பிடித்துக் கண்ணாடியைப் பார்த்தாள். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. தங்கச்சியும் ஓடி வந்தாள், அம்மாவும் வந்தார். கரண்ட் வரும்வரை அப்படியே உட்கார்ந்து சாயத்தண்ணி குடித்தோம்.

அந்தப் பின்னல் இன்னும் எங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. தானமாகக் கொடுக்கலாம் என்று அப்போது தெரியாது. முடி தானம் வாங்கி நோயாளிகளுக்கு விக் செய்கிறவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். உங்கள் மனைவிக்கு விருப்பமென்றால் கொட்டத் தொடங்குமுன் வெட்டுங்கள். நீங்கள் முடிவெடுக்காதீர்கள். சிலருக்கு வைத்துக்கொள்ள வேண்டும், சிலர் கண்ணில் படவே கூடாது என்பார்கள்.

2024 மார்ச் 7

பீலியைப் பற்றிச் சொல்லவேண்டும். லயத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் இது விளங்கும்.

எங்கள் வரிசையில் எல்லாரும் குளிப்பது பீலிக்கரையில், தண்ணீர் வந்து விழுகிற பொது இடத்தில். கொட்டத் தொடங்கியதும் அவள் போவதை நிறுத்திவிட்டாள். தண்ணீரோடு முடி கொத்தாகப் போய் வாய்க்காலில் அடைத்து நிற்கும், அடுத்து வருகிறவள் அதைக் காலால் தள்ளுவாள், அதைத் தன்னால் பார்க்க முடியாது என்றாள். அதற்கு நான் சொல்லக்கூடிய ஆறுதல் ஒன்றும் இல்லை. இரண்டு வாளி வாங்கினேன். விடியற்காலை வேலை முடிந்து வந்ததும் தண்ணீர் சுமந்து, விறகடுப்பில் சுட வைத்து, காம்பிராவுக்குப் பின்னால் படங்கு விரிப்பை நாலு கம்பில் கட்டி மறைப்பு செய்தேன். கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டிய அதே படங்கு.

மொட்டை போட்டு வந்து நின்றபோது பேசாதவள், நான் தண்ணீர் சுமக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் வாளியைப் பார்த்துவிட்டு, "தோள் வலிக்குதா?" என்று கேட்டாள்.

2024 மார்ச் 11

விக் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இதில் சிரிப்பு ஒன்று இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து போடுவார்கள். ரதி வேசம் கட்டுகிறவர் எங்கள் மேல் லயத்து மச்சான், மீசையை எடுத்துவிட்டுச் சேலை கட்டினால் பொம்பளைகளே திரும்பிப் பார்ப்பார்கள். அவர் ஒரு நாள் இருட்டினதும் உரப்பையில் எதையோ சுருட்டிக்கொண்டு வந்தார். திறந்தால் ரதியின் டோப்பா முடி. "தங்கச்சிக்கு ஆகும்னா வச்சுக்கச் சொல்லுங்க, அடுத்த மாசிக்குத்தானே எனக்கு வேணும்." கற்பூர வாசமும் பவுடர் வாசமும் அடிக்கிறது. நல்ல மனசு. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அம்மா ஒரேயடியாய் மறுத்தார். காமன் எரிந்தபிறகு ரதி ஒப்பாரி வைக்கிற தலைமுடி அது, வீட்டுக்குள் வரக்கூடாது என்று. இவளோ அதை எடுத்து வைத்துப் பார்த்து, "எரியப்போறது அவருதானே, எனக்கென்ன" என்று என்னைக் காட்டினாள். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அன்று ராத்திரியே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அப்புறம் கண்டியில் ஒரு கடையில் 4500 ரூபாவுக்கு ஒன்று வாங்கினேன். அவளுக்கு அப்போது நாள் சம்பளம் 1000 ரூபா, அதுவும் வேலைக்குப் போனால்தான். செயற்கை முடி. மொட்டைத் தலையில் அரிப்பெடுக்கும், பஸ்ஸில் கூட்டத்தில் வேர்த்து ஒழுகும், அடுப்படிக்குப் போனால் கருகிவிடும் என்று பயம். இரண்டே தடவைதான் போட்டாள். அண்ணன் மகள் சடங்குக்கு ஒரு தடவை, பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு ஒரு தடவை. அந்த இரண்டு நாளைக்கு அது வேண்டித்தான் இருந்தது. வீண்செலவு என்று நான் இதுவரை சொன்னதில்லை, இங்கே மட்டும் சொல்கிறேன். இல்லை, அதுவும் தப்பு. வீண் இல்லை.

2024 மார்ச் 12

திருத்தம். முன்பு ஒருவருக்குப் பதில் எழுதும்போது "கீமோ என்றால் எல்லாருக்கும் மொட்டைதான்" என்று எழுதிவிட்டேன். பதுளையில் இருந்து ஒருவர் தன் அக்காவுக்குக் குடல் கேன்சர், முடி மெலிந்ததோடு சரி என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி. மருந்தைப் பொறுத்தது. இவளுக்குக் கொடுத்தது டொக்ஸோரூபிசினும் சைக்ளோபொஸ்பமைடும் மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக நாலு, அப்புறம் பெக்லிடெக்ஸல் நாலு. இந்த வகையில் அநேகமாக முழுதாகவே போய்விடும். கரண்ட் பிடிக்கிறது என்று சொல்கிறோமே, கதிர் சிகிச்சை, அதில் கதிர் படுகிற இடத்து முடி மட்டும்தான் போகும். மார்பில் பிடித்தால் தலைக்கு ஒன்றும் ஆகாது.

டொக்ஸோரூபிசின் என்பது சிவப்பு மருந்து. ஏற்றிய பிறகு ஒரு நாள், இரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். இவள் இரத்தம் என்று பயந்து என்னை எழுப்பினாள். முன்னமே சொல்லி வையுங்கள்.

2024 மார்ச் 17

14ஆம் திகதி நல்லபடியாக முடிந்ததாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி. சந்தோசம்.

எண்ணெய். இனி வருகிறவர்கள் எல்லாரும் எண்ணெய் கொண்டுவருவார்கள். எங்களுக்குச் செம்பருத்தி, வெந்தயம், கரிசலாங்கண்ணி என்று ஏழு போத்தல் சேர்ந்தது. மருந்து வேலை செய்கிற விதம் அப்படி: வேகமாகப் பெருகுகிற கலத்தைத் தேடிப்போய் அடிக்கும். கேன்சர் கலம் வேகமாகப் பெருகுகிறது, முடி வேரில் இருக்கிற கலமும் அப்படித்தான், இரண்டுக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது. மேலே எண்ணெய் தேய்த்து உள்ளே நடப்பதை நிறுத்த முடியாது. ஏழு போத்தலையும் வாங்கி அடுக்கி வைத்தேன், கொடுத்தவர்கள் மனம் நோகக்கூடாது. கஷாயம் குடிக்கக் கொடுத்தால் மட்டும் டொக்டரைக் கேட்காமல் ஒரு வாய் கொடுக்காதீர்கள்.

ஐஸ் கட்டி வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். தலையைக் குளிரவைத்து இரத்த ஓட்டத்தைக் குறைத்து முடியைக் காப்பாற்றுகிற மெஷின் உண்டு, மருந்து ஏறும் முன்பும் ஏறும்போதும் ஏறிய பின்பும் ஒரே அளவில் குளிர் வைக்கும். மீன்கடை ஐஸைத் துணியில் கட்டி வைப்பது அது இல்லை. தோல்தான் கருகும்.

இன்னொன்று. இதையெல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "போடாதீர்கள்" என்று எழுதிய இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "அந்த மொட்டையில ஒரு நல்லதும் நடந்துச்சு, அதையும் எழுதுங்க" என்றாள்.

நடந்தது இதுதான். ஜூலை, ஆகஸ்டில் எங்கள் பக்கம் மழையும் காற்றும். மொட்டைத் தலைக்கு ராத்திரிக் குளிர் எப்படி இருக்கும் என்று எனக்குப் பதினைந்து நாள் முன்னாலேயே தெரிந்துவிட்டது. கம்பளித் தொப்பி போட்டுப் பார்த்தேன், முள் முள்ளாகக் குத்தியது. உடுத்துகிற பழைய சாரத்தைக் கிழித்து உள்ளே சுற்றி மேலே தொப்பி போட்டதும் தூக்கம் வந்தது. அதனால் இவள் தலை வெறுமையான அன்றைக்கு நாலு சாரத்துணித் தொப்பி தைத்துத் தயாராக இருந்தது. நூல் பிரிந்த மெத்துத் துணி, தையல் வெளிப்பக்கம், உள்ளே தலைத்தோலில் ஒன்றும் உறுத்தாது. நான் கேட்டிருந்தால் "மொட்டை வேணாம், தொப்பி தைங்க" என்றிருப்பாளாம். எனக்கு எப்படித் தெரியும், மொட்டை போட்டதால்தானே தெரிந்தது என்றேன். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

2024 மார்ச் 20

தலைமுடியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். புருவமும் இமையும் போகும், கொஞ்சம் பிந்தி. இவளுக்குப் பெக்லிடெக்ஸல் தொடங்கினபிறகு. தலைக்குத் துணி கட்டலாம், புருவத்துக்கு என்ன கட்டுவது? ஒரு நாள் காலையில் ஸ்டிக்கர் பொட்டை விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறாள், நிற்கிறாள். "ரெண்டு புருவத்துக்கு நடுவுலன்னு வச்சுப் பழகிட்டேன். இப்ப எங்க வைக்கிறது?" நான் வைத்துவிட்டேன். கோணலாகிவிட்டது. எடுத்து மறுபடி வைத்தேன். அப்புறம் தினமும் என் வேலை அதுதான், ஃபெக்டரியிலிருந்து வந்ததும் கை கழுவிவிட்டு.

மூக்கு முடியும் போகும். இதை ஒருவரும் சொல்லமாட்டார்கள். பனிக்காலத்தில் மூக்கு தண்ணியாக ஒழுகிக்கொண்டே இருக்கும், சளி என்று பயப்படவேண்டாம். ஆனால் காய்ச்சல் வந்தால் அது வேறு கதை. ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. பஸ் இல்லை, விடியட்டும் என்று இருக்காதீர்கள். த்ரீவீல் காரர் ஒருவரின் நம்பரை இப்போதே வாங்கி வையுங்கள்.

2024 மார்ச் 26

முடி திரும்ப வருமா, எப்படி வரும் என்று கேட்டதற்கு.

2022 நவம்பர் 17இல் கடைசிக் கீமோ. தைப்பொங்கலுக்குத் தலையில் பூனை முடி மாதிரி ஒன்று. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும், அவசரப்பட்டால் ஆகாது. வந்தது சுருட்டை. எங்கள் இரண்டு குடும்பத்திலும் சுருட்டை முடி கிடையாது. நரையும் கலந்து வந்தது. மகள் விரலால் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். போகப் போகச் சுருட்டை தளர்ந்துவிட்டது, நரை மட்டும் நிற்கிறது. இப்போது டெமோக்சிஃபன் மாத்திரை குடிக்கிறாள். அதனாலும் சிலருக்குக் கொஞ்சம் மெலியும் என்று கிளினிக்கில் சொன்னார்கள்.

இதில் ஒரு கடன் கதை இருக்கிறது. அவள் தலைக்குத் துணி கட்டியதைப் பார்த்துக் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா, "கதிர்காமத்துக்கு வேண்டுதல்" என்று சொல்லிவிட்டார். என் மொட்டைக்கும் அதே பதில். நோயைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். தொற்று நோய் என்று நினைத்துக் கிளாசைத் தனியாக வைத்தவர்களும் எங்கள் வரிசையில் இருந்தார்கள். ஆனால் இவளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. "முருகன் பேரைச் சொல்லித் தப்பிச்சோம், இப்ப போகாட்டி எப்படி?" என்று 2023 செப்டெம்பரில் கிளம்ப வைத்துவிட்டாள். பண்டாரவளை, எல்ல, வெல்லவாய என்று இறங்க இறங்கச் சூடு, பிள்ளைக்கு வாந்தி.

மாணிக்க கங்கையில் குளித்துவிட்டு வந்து நான் கேட்டேன், யாருக்கு மொட்டை என்று. தன் சுருட்டையைக் கையால் மூடிக்கொண்டாள். "எனக்கு இப்பதான் வளருது. நீங்க போடுங்க."

இந்தத் தடவை அவளே பக்கத்தில் நின்று போடவைத்தாள், சந்தனமும் அவளே பூசினாள், காது வரைக்கும். ஊருக்குத் திரும்பியபோது அதே கங்காணி. சந்தனத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

2024 ஏப்ரல் 1

நேற்றிலிருந்து தலைத்தோல் வலிக்கிறது என்று சொல்கிறார், இன்று குளிக்கும்போது கைநிறைய வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டாம் நாள், கணக்குச் சரி. இன்றைக்கே எடுத்துவிடலாம் என்று அவரே சொன்னால் எடுங்கள். நாளைக்கு என்றால் நாளைக்கு.

2024 ஏப்ரல் 2

முதலில் கத்தரிக்கோல். அப்புறம் ட்ரிமரில் மூன்றாம் நம்பர் கார்ட் (முனையில் மாட்டுகிற சீப்பு) போட்டு ஒரு ஓட்டு, வலிக்கவில்லை என்றால் ஒன்றாம் நம்பர். கார்ட் இல்லாமல் தோலில் வைக்காதீர்கள். கழுத்தில் பழைய துணி சுற்றுங்கள், முடித்துணுக்கு உள்ளே போனால் ராத்திரி தூங்க விடாது. நீங்கள் உங்கள் தலையில் கை வைக்கப்போவதில்லை என்று எழுதியதைப் பார்த்து இவள் தலையாட்டினாள். சாரத்துணித் தொப்பி இரண்டு தைத்து ஹட்டன் பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்கிறாள், அளவு எழுதுங்கள், காதுக்கு மேலே சுற்றி நூல் பிடித்து.

ட்ரிமரைச் சார்ஜில் போட்டுவிட்டீர்களா?